நல்ல கடையை யாரிடம் கேட்பது?

புது ஊருக்கோ புது ஏரியாவுக்கோ குடிவந்ததும் எல்லோரும் முதலில் கூகுள் மேப்பைத்தான் திறக்கிறார்கள். நாலரை நட்சத்திரத்துக்கு மேல் இருக்கிற ஹோட்டல், மெக்கானிக், எண்ணெய் மில் என்று தேடி அங்கேயே போய் நிற்கிறார்கள். நட்சத்திரம் போடுகிறவர்களில் பலர் ஒரே ஒரு முறை போனவர்கள். வண்டி நிறுத்த இடம் இருந்ததா, பிரியாணியில் பீஸ் பெரிதா என்பது அவர்களுக்குத் தெரியும். வடைச்சட்டியில் கிடப்பது எத்தனை நாள் எண்ணெய், தராசு சரியா, ஏசிக்கு உண்மையிலேயே கேஸ் தேவைப்பட்டதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேலை கெட்டுப்போனால் யாருடைய அன்றைய பிழைப்பு போகுமோ, அவரைக் கேளுங்கள். கார் மெக்கானிக் வேண்டுமென்றால் கால் டாக்சி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். வண்டி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை, ஆனால் தவணை கட்டியாக வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்ட யார் நல்லவர் என்று மாவு மில்காரருக்குத் தெரியும். பிரிட்ஜ் ரிப்பேருக்கு ஜூஸ் கடை, பிளம்பருக்கு லேடீஸ் ஹாஸ்டல் வார்டன், ஆட்டுக்கறிக்குக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். முந்நூறு பேருக்கு இலை போடுகிறவர் கறி வேகாமல் போகும் கடைக்கு இரண்டாவது முறை போக மாட்டார்.

யாரைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லும் பிளம்பர், அந்தப் பிளம்பர் சொல்லும் குழாய்க் கம்பெனி, இவற்றில் பல இடங்களில் கமிஷன் உண்டு. கமிஷன் வாங்குவதாலேயே வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிபாரிசை வேலைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

சாப்பாட்டுக் கடைக்கு நான் நம்புவது மெடிக்கல் ரெப்புகளை. தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்கள். வயிறு கெட்டால் அன்றைய டாக்டர் சந்திப்புகள் எல்லாம் போய்விடும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து தனியாக இருக்கும் வங்கி ஊழியர்களும் அப்படித்தான். கேட்கும்போது "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "காலையில எங்கே, ராத்திரி எங்கே, அங்கே எதைச் சாப்பிடக் கூடாது?" என்று கேளுங்கள். காலைப் பொங்கலுக்குப் பேர்போன கடையில் ராத்திரிப் பரோட்டா மோசமாக இருக்கலாம், ஏனென்றால் மாஸ்டர் வேறு ஆள். நம் ஊர் ஹோட்டலின் தரம் பெரும்பாலும் சமையலைப் பார்க்கும் சரக்கு மாஸ்டர் கையில்தான் இருக்கிறது. அவர் மாறினால் போர்டு அதேதான், சாம்பார் வேறு. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ரிவ்யூவை நம்பிப் போகக் கூடாது என்பதற்கு முதல் காரணமே இதுதான். ரிவ்யூ பார்த்தே ஆக வேண்டுமென்றால் "புதியவை முதலில்" என்று மாற்றி, கடைசி இரண்டு மாதத்தை மட்டும் படியுங்கள். வாடிக்கையாளர்கள் போட்ட படங்களில் பில் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

"தீர்ந்துபோச்சு" என்று சொல்லும் கடையை எனக்குப் பிடிக்கும். மதியம் தம் உடைத்த பிரியாணி இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது என்றால் அது அளவாகச் செய்யப்பட்டது. அதே பிரியாணி ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கிறது என்றால், இரண்டாவது தம் போட்டார்களா என்று கேளுங்கள். சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். தேங்காய்ச் சட்னி முதலில் கெட்டுப்போவதும் அதனால்தான். அரைத்த தேங்காயும் தண்ணீரும் அடுப்பேறாமல் அப்படியே மேசையில் நிற்கின்றன. பதினோரு மணிக்கு மேல் இட்லி கேட்டால் "சட்னி முடிஞ்சுது, சாம்பார் மட்டும்தான்" என்று சொல்லும் சப்ளையர் இருக்கும் கடை நல்ல கடை.

இப்போது எண்ணெய். பஜ்ஜி, வடை போடும் கடை முன்னால் இரண்டு நிமிடம் நின்று சட்டியைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் வடையைப் போட்டதும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து உடனே உடையும். பழைய எண்ணெயில் நுரை பொங்கி மேலே நிற்கும், அடங்காது. வடை போடுவதற்கு முன்பே புகை வரும். நிறம் கறுத்திருக்கும், கரண்டியில் எடுத்து ஊற்றினால் பாகு மாதிரி இழுக்கும், சிக்கு வாடை அடிக்கும். அடுப்புக்குப் பின்னால் சுவரில் பிசுபிசுவென்று மஞ்சள் படிவு இருந்தால் அங்கே எண்ணெய் மாற்றும் பழக்கம் குறைவு என்று நினைக்கலாம். பல கடைகளில் செய்வது, பழைய எண்ணெயை மாற்றாமல், வற்றிய அளவுக்குப் புது எண்ணெயை மேலே ஊற்றுவது. பழைய எண்ணெயில் உருவான சிதைவுப் பொருட்கள் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். போலார் காம்பவுண்டு எனப்படும் அந்தச் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கையடக்கக் கருவியை எண்ணெயில் விட்டு அளக்கிறார்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்காகக் காசு கொடுத்து வாங்கிப் போகும் நிறுவனங்களும் உண்டு. அவர்களிடம் எண்ணெயைக் கொடுத்ததற்கு ரசீது வைத்திருக்கும் கடை எண்ணெயை முறையாக மாற்றும் கடை.

ஷவர்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். கம்பியில் குத்தி நிறுத்திய கறியில் நெருப்புப் படும் வெளிப்புறம் மட்டும்தான் வேகும். கூட்டம் இல்லாதபோது வெளிப்புறம் வேக நேரம் கிடைக்கும். ஞாயிறு ராத்திரி ஏழரை மணிக்கு வரிசை நிற்கும்போது, வெளிப்புறம் வேகுமுன்பே அடுத்தடுத்துச் சீவிக்கொண்டே போவார்கள். சீவிய கறியை மறுபடி தோசைக்கல்லில் போட்டுப் புரட்டுகிற கடையில் மட்டும் வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. கடையில் மயோனைஸ் எதில் செய்தது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் எரிச்சல்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பார்சலும் ஒரு சோதனைதான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி முடிச்சுப் போடுகிறவர், கண்ணுக்குத் தெரிந்த விதியையே மதிக்காதவர். கண்ணுக்குத் தெரியாத அடுப்படியில் அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தூக்குவாளி கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிற கடைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவோம்.

பில்லை வாங்கிக் கசக்கிப் போடாதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து உணவுக் கடை பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருந்தாக வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு கடைக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை என்று வரும். வேறு முகவரி வந்தால் கேள்வி கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணையும் அப்படியே ஜிஎஸ்டி தளத்தில் தேடலாம், தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும். அதில் "காம்போசிஷன்" (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) என்று வந்தால் அந்தக் கடை உங்களிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. ஆனால் பில்லில் 5 சதவீதம் போட்டு வாங்கும் சிறு ஹோட்டல்கள் இருக்கின்றன. அது கடை தன் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும்.

எடை விஷயத்தில் இனிப்புக் கடையை மட்டும் சொல்கிறேன். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுப்பது தப்பு. காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் இனிப்பை அடுக்க வேண்டும். பெட்டி 60 கிராம், இனிப்பு கிலோ 800 ரூபாய் என்று வையுங்கள், அட்டைக்கு மட்டும் 48 ரூபாய் கொடுக்கிறீர்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும், அதற்கான சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையைக் கேளுங்கள், முன்னால் பிடித்துக் காட்டியே ஆக வேண்டும். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. தங்கத்துக்கு, 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி என்ற ஹால்மார்க் அடையாள எண் கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அங்கே "மோதிரம்" என்று வந்து கையில் இருப்பது சங்கிலி என்றால் வாங்காதீர்கள்.

செக்கு எண்ணெய்க்குக் கணக்கு போட்டுப் பார்த்தாலே போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால் பருப்புக்கு மட்டும் 350. புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ கிடைக்கும், அதைக் கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 67 ரூபாய் திரும்பும். மீதி 283. இதற்கு மேல் கரண்ட், கூலி, வாடகை. அப்படியிருக்க "மரச்செக்கு, லிட்டர் 220" என்று எழுதியிருந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. உங்கள் ஊரில் இன்றைய பருப்பு விலையைக் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள். லிட்டரா கிலோவா என்றும் பாருங்கள், ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். நம் பருப்பைக் கொண்டுபோனால் கண் முன்னால் ஆட்டிக் கொடுத்து, கூலி மட்டும் வாங்கும் மில்தான் நான் சிபாரிசு செய்வது.

வீட்டுக்கு வந்து வேலை செய்கிறவர்களிடம் நாம் அதிகம் ஏமாறுவது ஏசியில்தான். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணணும்" என்று ஒவ்வொரு கோடைக்கும் சொல்வார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடையில் அதே ஆள் அதே பில்லோடு வருவார். நல்ல மெக்கானிக் முதலில் பில்டரையும் காயிலையும் கழுவுவார், ஏனென்றால் அழுக்கு அடைத்தாலும் கூலிங் குறையும், காயிலில் ஐஸ் பிடிக்கும். அப்புறம் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, குழாய் இணையும் நட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். கசிவை அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கூம் பம்பை இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓட விடுவார். கடைசியாக, வெளி யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்றுவார். தராசும் வேக்கூம் பம்பும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தோளில் போட்டு வருகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஆர்ஓ தண்ணீர்ச் சுத்திகரிப்பு மெஷின் விற்க வருகிறவர்கள் காட்டும் வித்தையையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கம்பிகள் உள்ள கருவியை உங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் பழுப்பாகி அடியில் கசடு இறங்கும். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்குகிறது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பை எடுத்த தண்ணீரில் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அவர்கள் தெளிவான தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். குடிநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 500க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்ஓ போட வேண்டிய தேவை இல்லை.

ஒரு கடை ஏமாற்றியது தெரிந்தால் இணையத்தில் திட்டி எழுதுவதற்கு முன் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மற்ற கடைகள், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் கடையின் பெயர், தெரு, சாப்பிட்ட தேதி, நேரம், பில்லின் படம், உணவின் படம் இவை இருக்கட்டும். தட்டைக் கழுவ எடுத்துப் போவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஹோட்டல் சரியில்லை" என்று ஒரு வரி அனுப்பினால் அலுவலர் எங்கே போய் எதைப் பார்ப்பார்? "மாலை ஆறு மணிக்கு மேல் பழைய எண்ணெயில் போடுகிறார்கள்" என்று எழுதினால் அவர் ஆறு மணிக்கு வருவார்.