உடலின் உயிர்ப்பும் கல்லறைச் சுவரும்

உயிர்ப்புப் பெருவிழா இரவின் பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரியைக் கையில் ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்த அதே பங்கு மக்கள், உயிர்ப்பின் எண்கிழமையான எட்டு நாள் முடிவதற்குள் ஒரு தலித் மூதாட்டியின் உடலைக் கல்லறை வாசலில் மறித்து, "உங்கள் பக்கம் கொண்டுபோங்கள்" என்று சொன்ன செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட என்னை வருத்தியது, "இது உள்ளூர்ப் பிரச்சினை, பெரிதாக்க வேண்டாம்" என்று நல்லவர்கள் பலர் எழுதியதுதான்.

இது உள்ளூர்ப் பிரச்சினை அல்ல, விசுவாசப் பிரச்சினை. 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று அறிக்கையிடுகிறோம். ஆன்மா மட்டும் தப்பிப் பிழைக்கும் என்பதல்ல நம் நம்பிக்கை. மண்ணில் விதைக்கப்படும் இந்த உடலே மாட்சியோடு எழும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் வாதாடுகிறார். எழப்போகிற உடலைத் தீட்டென்று ஒதுக்குகிறவர் எந்த உயிர்ப்பை நம்புகிறார்?

தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் சுவரை அறியாதவர் நம்மில் குறைவு. சபைக்குள் சாதி கூடாது என்று ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833-லேயே தென்னகத்துச் சபைகளுக்கு எழுதினார். தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-இல் இதையே சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. சொல்லப்படாத குறை எதுவும் இல்லை.

என் அப்பாயி ஆயுள் முழுவதும் கோவிலைக் கூட்டிப் பீடத் துணிகளைத் துவைத்தவர். அவர் துவைத்த துணியின்மேல்தான் எல்லோருக்கும் நற்கருணை வைக்கப்பட்டது. அவர் இறந்தபோது பாஸ்கா திரியை ஏற்றி அடக்கத் திருப்பலி சிறப்பாகவே நடந்தது. ஆனால் குழி வெட்டப்பட்டது சுவருக்கு அந்தப்புறம், முள் மண்டிய மூலையில். கல்லறைத் திருநாளில் மந்திரித்த தண்ணீர் எங்கள் பக்கம் எப்போதும் கடைசியாகத்தான் வரும். அப்பா ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அவர் கேட்காததை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

"வெளியில் பேசினால் திருச்சபையின் எதிரிகளுக்குத் தீனியாகும்" என்பார்கள். தீனியானது அந்தச் செயலா, அதைச் சொல்லும் என் வாயா? "எல்லாப் பங்குகளிலும் அப்படியில்லையே" என்பார்கள். இல்லைதான், அந்தப் பங்குகளுக்கு என் வணக்கம். "விண்ணகத்தில் பிரிவினை கிடையாது, பொறுத்திருங்கள்" என்பதற்கு மட்டும் என்னிடம் பொறுமை இல்லை. கிறிஸ்துவோடு உயிர்பெற்று எழுந்துவிட்டீர்கள் என்று கொலோசையருக்கு எழுதிய கடிதம் சொல்வது உயிரோடிருந்தவர்களைப் பார்த்து. உயிர்த்த ஆண்டவர் எம்மாவுவில் அப்பம் பிட்டார். திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துச் சீடர்களை உண்ண அழைத்தார். உயிர்ப்பு முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று சாப்பாடு.

அதனால்தான் கல்லறையோடு நிறுத்த முடியவில்லை. பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் தெருவில் நடந்தால், செபம் முடிந்து தேநீர் வருவதற்குள் சிலருக்கு அவசர வேலை வந்துவிடும். மணமகன் தேடும் விளம்பரங்களில் 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கர்) என்பதற்கு அடுத்த சொல்லாகச் சாதி நிற்கிறது. சுவர் முதலில் எழும்பியது இந்த இடங்களில்; கல்லறையில் எழும்பியது அதற்குப் பிறகுதான்.

இந்தப் பதிவைப் படிக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரே வேண்டுகோள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்கு முன், கல்லறையைப் பிரிக்கும் சுவரை இடிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்து, எதிர்ப்பவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும் என்று கேளுங்கள்.