ஆறப் போட்ட காணி

அப்பாவின் றங்குப் பெட்டியில், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு காணிப் பத்திரம் இருக்கிறது. மேலே பிரித்தானிய முடியின் சின்னம். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். “இது வயலுக்கு மட்டும்தான். மேட்டில் காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு என்ன அத்தாட்சி?” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். “எங்கள் அப்பா வெட்டிய சேனை, தம்பி” என்றார் அப்பா. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கேள்விக்கு வயது 180க்கு மேல். காடும் பயிரிடாத நிலமும், உரியவர் நிரூபிக்கும் வரை முடிக்கே சொந்தம் என்றது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சேனையோ வெட்டி எரித்து, சோளனும் குரக்கனும் எடுத்துவிட்டுப் பல வருடம் ஆறப் போடுகிற நிலம். ஆறுகிற நிலம் வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தரிசு. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது என்பதையும் சேர்த்துப் படித்தால் தரிசு என்ற சொல்லின் சூட்சுமம் விளங்கும்.

1848 இல் இலங்கையின் பிரித்தானிய ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கும் வரி என்று போட்டார். வருடத்தில் ஆறு நாள் தெரு வேலைக்கு வா, இல்லையேல் காசைக் கட்டு என்றார். மாத்தளைப் பக்கம் சனம் கிளம்பியது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனைத் திருப்பி அழைத்தார்கள். காணிச் சட்டத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

இங்கிருந்து நேர்கோடு பிடித்தாற்போல் 1948 சுதந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நான் அதை நம்பவில்லை. சனத்தின் மனக்குறை ஒரு பாதையில் போனது, படித்தவர்களின் அரசியல் வேறு பாதையில் போனது.

1915 இன் சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் போட்டு, டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் இங்கிலாந்து வரை போய் அவர்களுக்காக வாதாடினார். (அடிபட்ட முஸ்லிம்களுக்காக யார் போனார்கள் என்று என் சம்மாந்துறை நண்பன் கேட்பான்; நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பேன்.) அந்தக் கொதிப்பின் பின்னால் 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். முக்கியமாகக் கேட்டது சட்டசபையில் கூடுதல் ஆசனங்கள். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குப் பொய்த்ததும் அருணாசலமே வெளியேறினார். ஆசனத்துக்கே இந்தப் பாடு என்றால் சேனையைப் பற்றி யார் பேசுவது?

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. சிறையில் கிடந்த அதே சேனநாயக்க காணி அமைச்சரானார். 1935 இன் காணி அபிவிருத்திச் சட்டம் ஏழைக்குக் காணி கொடுத்தது. ஆனால் பேர்மிட்டில், வெறும் அனுமதிப் பத்திரத்தில், கொடுத்தது. சொந்தக்காரன் அப்போதும் முடிதான். பிறகு ‘முடிக்குரிய காணி’ ‘அரச காணி’ ஆயிற்று. 1949 இல் அம்பாறைப் பக்கம் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது யாரை எங்கே குடியேற்றுவது என்பதைக் கொழும்பு தீர்மானித்தது; அம்பாறையின் பிற்காலச் சண்டைகளில் பாதி அங்கே முளைத்தவை என்பது என் வாதம்.

திரும்பி வரும்போது மண்முனைப் பாலத்தில் இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். காங்கிரஸ் கதையில் அவருக்கு அக்கறை இல்லை.

“அந்த நாய் வரிக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்திருப்பார்களா?” என்று மட்டும் கேட்டார்.