மிதப்பது எண்ணெயால் மட்டும் அல்ல

டிரவுட் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் கட்டுவதே செயற்கை ஈ. அதில் வாத்து இறகின் பங்கை விளக்கி வெளிவந்த கட்டுரை ஒன்று பயனுள்ளது. ஆயினும், வாத்தின் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் சிறு இறகுகள், அவற்றில் ஊறிய எண்ணெயால்தான் மிதக்கின்றன என்று அதில் வரும் வரியை அப்படியே ஏற்பதற்கில்லை. கழுவிச் சாயமேற்றி விற்கப்படும் இறகில் அந்த எண்ணெய் பெரும்பாலும் போய்விடுகிறது. அதுவும் நன்றாகவே மிதக்கிறது. தண்டிலிருந்து பிரியும் ஒவ்வோர் இழையிலும் முறுக்கிய நுண்ணிழைகள் நெருங்கி நிற்பதையும், நீர் பட்டதும் அவற்றுக்கிடையே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்வதையும் உருப்பெருக்கியில் பார்த்தால் காரணம் விளங்கும். ஆகவேதான் மற்ற ஈக்கள் மிதப்பதற்குப் பூசும் களிம்பை இந்த இறகால் கட்டிய ஈக்குப் பூசக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, குமிழி தங்க இடமின்றி ஈ மூழ்கிவிடும். மீன் கடித்து நனைந்த ஈயை நீரில் அலசிச் சளியைப் போக்கி, மென்தாளில் ஒற்றி, உலர்த்தும் தூளில் குலுக்கினால் போதும். 1920களில் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் தொடங்கிய, இந்த இறகால் ஈ கட்டும் வழக்கத்தை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உருவான ஈ கட்டும் மரபில் ஈயின் சிறகுக்குப் பயன்படும், வுட் டக் என்னும் வாத்தினத்து ஆணின் விலா இறகையும் குறிப்பிட்டிருக்கலாம். மெல்லிய கருவரிகள் ஓடும் அந்த மஞ்சள் இறகு எளிதில் கிடைக்காததால், பலர் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் விலா இறகுக்குச் சாயமேற்றிச் சமாளிக்கிறார்கள்.