வெயிலில் ஆரும் சாகிறதில்லையாம்

ஐரோப்பாவில் வெயிலால் ஆட்கள் சாகிறார்கள் என்ற செய்தியை முந்தநாள் பகிர்ந்த பிறகு கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "முப்பத்தஞ்சு பாகைக்கே சாகிறாங்களாம், சித்திரை மாசம் ரெண்டு மணிக்குப் பரந்தன் சந்தியில வந்து நிக்கச் சொல்லுங்கோ" என்று ஒரு தம்பி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எனக்கும் பகிடி விளங்கும். ஆனால் செத்த வீட்டைப் பார்த்துச் சிரிக்க நாங்கள் எப்போது பழகினோம்? அதுவும் போரில் இத்தனை சாவு கண்ட வன்னியில் இருந்துகொண்டு?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெயில் ஆளைக் கொல்லும். அங்கேயும் கொல்லும், இங்கேயும் கொல்லும். அங்கே எண்ணுகிறார்கள். இங்கே எண்ணுவதில்லை.

2003 ஓகஸ்டில் பிரான்சில் மூன்று கிழமைக்குள் வழமையை விட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாகச் செத்தார்கள். அத்தனை பேரின் மரணச் சான்றிதழிலும் 'வெயில்' என்றா எழுதியிருந்தது? இல்லை. முந்தைய வருடங்களில் அதே நாட்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்து, அதற்கு மேலே போனதைக் கணக்கெடுத்தார்கள். பாரிசில் சில இரவுகளில் 25 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை. பிரேதம் வைக்க இடமில்லாமல் பாரிசுக்குப் பக்கத்து ருங்கிஸ் மொத்தச் சந்தையின் குளிர்க் களஞ்சியத்தை எடுத்தார்கள். உரிமை கேட்டு ஆரும் வராத 57 பேரைத் தியே மயானத்தில் புதைத்தபோது சனாதிபதி சிராக்கே போய் நின்றார்.

என் சித்தப்பா அப்போது பாரிசில் மேல்மாடி ஒற்றை அறையில் இருந்தவர். அந்த ஊர்ப் பழைய கட்டிடங்களின் கூரை நாகத் தகடு. "தகரக் கொட்டிலுக்குள்ள இருந்து தப்பி வந்து, இஞ்சயும் தகரத்துக்குக் கீழதான் படுக்கிறன்" என்று ரெலிபோனில் சொல்வார். அவருக்கு இளவயது, தப்பினார். பக்கத்து அறைக் கிழவி தப்பவில்லை. பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்களாம். மணம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

"எங்கட உடம்பு வெயிலுக்குப் பழகினது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பழகியதுதான். சாவு கூடத் தொடங்குகிற வெப்பநிலை ஊருக்கு ஊர் வேறு. குளிர் ஊரில் குறைவு, சூட்டு ஊரில் கூட. ஆனால் எந்த உடம்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அகமதாபாத் சனத்துக்கு வெயில் புதுசா? 2010 மே மாதம் 46.8 பாகை வந்தபோது, அந்த ஒரு மாதத்தில் வழமையை விட 1,344 பேர் கூடுதலாகச் செத்தார்கள். அதை எண்ணிப் பார்த்ததால்தான் 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு திட்டமே போட்டது. எண்ணாமல் விட்டிருந்தால், அங்கேயும் ஆரும் சாகவில்லை.

வெயில் வந்து கழுத்தை நெரிப்பதில்லை. சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்குத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. வியர்த்து உடம்பில் நீர் வற்றுகிறது, சிறுநீரகம் இளைக்கிறது. பிறசருக்கு நீர் போகிற குளிசை எடுக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். கடைசியில் 'மாரடைப்பு' என்று எழுதுவார்கள். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை.

எங்கள் பெரியம்மா நெடுங்கேணியில் மாமர நிழலில் இருந்த மனுசி. வயது போன பிறகு மகனோடு வவுனியா ரவுனுக்குள் வந்தா. சுற்றிவரக் கடைகள், மேலே கொங்கிறீற் தட்டு, ஒரு மரம் கிடையாது. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைக்கேலாது. பகலில் குடித்த சூட்டைக் கொங்கிறீற் இரவில்தான் கக்கும்; நகரத்துச் சூடு இரவிலும் ஆளைக் கொல்லும். ஃபான் சுற்றும், நெருப்புக் காற்று வரும். ஒரு விடியக்காலை எழும்பவில்லை. மாரடைப்பு. "எண்பது வயசுதானே, நல்ல சாவு" என்றார்கள் வந்தவர்கள். நான் வாய் திறக்கவில்லை.

குளிரில்தானே கூடப் பேர் சாகிறார்கள் என்கிறீர்கள். ஓம், 2015இல் 13 நாடுகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வு அப்படித்தான் சொன்னது. சரி, அதற்கு? கிளிநொச்சியில் உறைபனியா கொட்டுகிறது?

"வயசு போன ஆக்கள்தானே, எப்படியும் போற உயிர்." இதுதான் எனக்குச் சுட்டது. சிலர் சில கிழமைக்குள் போயிருப்பார்கள்தான். எல்லோருமா? பெரியம்மாவுக்கு இன்னும் எத்தனை வருடம் இருந்தது என்று உங்களுக்கு ஆர் சொன்னது? அப்புறம், வயது போனவர்கள் மட்டுமா? மத்தியானம் தார் ஊத்துகிற பெடியன், சிறுபோக அறுவடையில் நிற்கிற அக்கா எல்லாம் எந்தக் கணக்கில்?

2009இல் போர் முடிந்து எங்கட சனத்தை அடைத்து வைத்த மெனிக்பாம் முகாமின் கூடாரத்துக்குள் மத்தியானம் எப்படி இருந்தது என்று இதை வாசிக்கிற பாதிப்பேருக்குத் தெரியும். அதற்குப் பிறகு தகரம் தந்து, அதற்குக் கீழே இருங்கள் என்றார்கள். அந்தச் சூட்டில் போன கிழடுகட்டைகளை ஆர் எண்ணியது? எங்கட சாவை எண்ணச் சொல்லி ஜெனீவாவில் ஐ.நா. வரைக்கும் போகிற சனம் நாங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைத்துச் சொன்னாலே கொதிக்கிற சனம். இன்னொருத்தன் தன் ஊர்ச் சாவை ஒழுங்காக எண்ணினால் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது, என்ன?

"நீ என்ன டொக்டரா?" என்று கேட்டவருக்குப் பதில் இல்லை. நேரமும் இல்லை.

வவுனியாவில் வானிலை அவதான நிலையம் இருக்கிறது, நாளாந்த வெப்பநிலை பதிவாகிறது. மரணப் பதிவுகள் பிரதேச செயலகத்தில் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து நாள் நாளாக ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளைக்காரன் வரத் தேவையில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் இறங்கினால் போதும். ஆராவது தொடங்கினால் சொல்லுங்கள், பதிவேடு தூக்கி வைக்க நான் வருகிறேன். பெரியம்மாவின் திகதியையும் தருகிறேன்.