‘வெறும் உரையாசிரியர்’தானாம்!

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரைப் பற்றி ஒருவர் பேசும் அந்தக் காணொளியை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். “பரிமேலழகர் வெறும் உரையாசிரியர்தானே? நடுவில் தரகர் எதற்கு? வள்ளுவரை நேராகப் படியுங்கள்!” ஒரே கைதட்டல். கைதட்டல் ஓய்ந்ததும் அவரே கேட்கிறார்: “391ஆம் குறள் என்ன சொல்கிறது?”

ஐயா, அந்த 391 யாருடைய வரிசை? பரிமேலழகருடையது. இன்னொரு குறள் உரைகாரரான மணக்குடவரின் உரையை எடுத்தால் பல அதிகாரங்களில் குறள்கள் இடம் மாறியிருக்கும். தரகரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, அவர் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டுதான் வள்ளுவர் வீட்டுக்குப் போகிறீர்கள்.

அந்த ‘வெறும்’தான் உறுத்துகிறது. ஓலையில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ‘செம்பொன்பதின்றொடி’ என்று ஓடும் வரியில் இருப்பது செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? தொடி என்பது ஒரு நிறையளவு. (இப்படி இருவகையாகப் பிரியும் தொடர்களைப் பற்றித் தொல்காப்பியம் பேசுகிறது, ஆனால் இந்த உதாரணமே அதன் நூற்பாவில் இல்லை. உரைகாரர்கள் கொடுத்தது.) முதலில் பாடத்தை முடிவு செய்ய வேண்டும். பிறகு சொல்லைப் பிரிக்க வேண்டும். எந்த எழுவாய் எந்தப் பயனிலையோடு சேரும் என்று பார்த்துக் கொண்டுகூட்ட வேண்டும். இவ்வளவுக்கும் அப்புறம்தான் பதவுரை. அதன்மேல் இலக்கணக் குறிப்பு, மேற்கோள், வினாவிடை. நன்னூல் உரையின் கூறுகளை 14 என்று எண்ணுகிறது. முதல் படியில் சறுக்கினால் செம்பு பொன்னாகிவிடும், மீதி 13உம் அந்தப் பொய்ப் பொன்னுக்கு மெருகு போடும்.

‘வெறும்’!

“தங்கள் கருத்தைத் திணித்தார்களே” என்று வருவீர்கள், தெரியும். திணித்தார்கள்தான். நாம் மக்கட்பேறு என்கிற அதிகாரம் பரிமேலழகரிடம் ‘புதல்வரைப் பெறுதல்’. 61ஆம் குறளில் (எண் அவருடையதே) ‘அறிவறிந்த’ என்றதனால் ‘மக்கள்’ என்ற சொல் பெண்ணை ஒழித்து நின்றது என்கிறார். எனக்கும் இது சம்மதமில்லை. ஆனால் காரணத்தை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காரணத்தைப் பிடித்துத்தான் இன்றைக்கு அவரை மடக்குகிறோம். தொல்காப்பிய உரைகாரரான சேனாவரையர், தமக்கு முன்னே அதற்கு உரை எழுதிய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார், அதுவும் ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிட்டு. மறுக்கும்போதும் பட்டத்தைப் பிடுங்கவில்லை. பரிமேலழகர் மாற்றுரையை எடுத்துச் சொல்லி, “என்பாரும் உளர்” என்று முடிப்பார். இன்று தொலைக்காட்சியில் பெயருக்குக் கீழே ‘அரசியல் விமர்சகர்’ என்று போட்டு உட்கார வைக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் எதிராளி சொன்னதை முழுசாகச் சொல்லிவிட்டு மறுக்கிறார்கள்? அவர்களுக்கு ‘வெறும்’ போட மாட்டீர்கள். அவர்கள் பெரியவர்கள்.

“பழைய உரை யாருக்குப் புரிகிறது?” படித்தால் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியரின் பழைய உரையோடு பதிப்பித்தார். அந்த உரையில், அதுவரை அவர் கண்ணில் படாத நூல்களிலிருந்து மேற்கோள் மேற்கோளாக வந்தது. அவற்றின் மூலத்தைத் தேடிப் போனதில்தான் சங்க நூல்கள் அவருக்குப் பிடிபட்டன. மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று ஒன்று இருந்ததை சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லார் சொல்லித்தான் அறிகிறோம். நீங்கள் ‘நேராகப்’ படிக்கப் புத்தகம் கையில் இருக்கிறதே, அதற்குள் இந்தத் தரகர்களின் உழைப்பும் இருக்கிறது.

உரையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். புறநானூற்றில் முதல் 266 பாட்டுக்குத்தான் பழைய உரை கிடைத்திருக்கிறது. 267, 268 பாட்டே கிடைக்கவில்லை. ஆகவே 269இல் தொடங்குங்கள். ஔவை துரைசாமிப் பிள்ளை உரை, அகராதி, இணையம் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, மூலத்தை மட்டும் எதிரில் வையுங்கள். சந்தி பிரித்து, யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று நாலு வரி எழுதிக் கீழே போடுங்கள். கைதட்ட நான் தயார்.