எட்டு மைல் சாலைக்குத் தெற்கே

"நாமெல்லாம் ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினோம். இன்னைக்கு வீடு, கார், பிள்ளைங்க படிப்புன்னு நல்லா இருக்கோம். அவங்க தலைமுறை தலைமுறையா இங்கயேதான் இருக்காங்க. ஏன் முன்னேற முடியல?"

மிச்சிகனில் தமிழர்கள் கூடுகிற இடத்தில் பேச்சு டெட்ராய்ட்டின் கறுப்பின மக்கள் பக்கம் திரும்பினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஊரில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் ஆளாகப் பணம் அனுப்புகிறவர்கள்தான். ஆனால் கேள்விக்கான பதில் அவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமலே இங்கே ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிட முடிகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கறுப்பின மக்களின் வரலாறு என்றால் நமக்குத் தெரிவது அடிமைச் சந்தை, லிங்கன், பேருந்தில் எழ மறுத்த ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங்கின் உரை. எல்லாம் தெற்கே எங்கோ நடந்து, எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த ரோசா பார்க்ஸ் 1957இல் டெட்ராய்ட்டுக்கே குடிவந்து, 2005இல் இங்கேயே காலமானார் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஊரில் நடந்தது.

படித்தால் போதும், முன்னேறிவிடலாம் என்பவர்களுக்கு முதலில் டாக்டர் ஒசியன் ஸ்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். ஃப்ளோரிடாவில் பிறந்து, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, வியன்னாவுக்கும் பாரிஸுக்கும் போய் மேற்கொண்டும் படித்தவர். 1925இல் டெட்ராய்ட்டின் கார்லண்ட் தெருவில், வெள்ளையர் வசித்த பகுதியில், 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். சந்தை விலையைவிட அதிகம். கறுப்பர் வாங்க வந்தால் விலையைக் கூட்டித்தான் சொல்வார்கள். அதே கோடையில்தான் அலெக்சாண்டர் டர்னர் என்ற இன்னொரு கறுப்பின மருத்துவரின் புது வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்து, மிரட்டி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்தியிருந்தது.

அது தெரிந்தேதான் ஸ்வீட் குடிபோனார். தம்பிகளையும் நண்பர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, துப்பாக்கிகளோடு போனார். செப்டம்பர் 9 இரவு வீட்டுக்கு எதிரே நூற்றுக்கணக்கான பேர் திரண்டுவிட்டார்கள். போலீஸ்காரர்கள் இருந்தார்கள், கூட்டத்தைக் கலைக்கவில்லை. கல் வந்து விழுந்தது, ஜன்னல் உடைந்தது. உள்ளேயிருந்து சுட்டார்கள். வெளியே ஒருவர் இறந்துபோனார். வீட்டிலிருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு, ஸ்வீட்டின் மனைவி கிளாடிஸ் உட்பட. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவர்களுக்காக வாதாடினார். ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர். முதல் விசாரணையில் அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அடுத்த ஆண்டு தம்பி ஹென்றி விடுதலையானார். மற்றவர்கள் மீதான வழக்கும் பிறகு கைவிடப்பட்டது.

வழக்கில் ஜெயித்தார்கள், சரி. குழந்தை ஐவா 1926இல் காசநோயில் இறந்தது. 1928இல் கிளாடிஸும் அதே நோயில் போய்விட்டார். அவருக்குச் சிறையில்தான் தொற்றியிருக்க வேண்டும் என்றே நம்பினார்கள். ஸ்வீட் 1960இல் தற்கொலை செய்துகொண்டார். நம் பிள்ளைகள் எப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அப்படியே வந்த ஒரு மனிதரின் கதை இது.

கும்பலாவது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய வேலையைக் காகிதம் செய்தது. 1934இல் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் தொடங்கப்பட்டது. அது நேரடியாகக் கடன் தருவதில்லை. வாங்கியவர் கட்டாமல் போனால் நஷ்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வங்கிக்கு உத்தரவாதம் தரும். அந்த உத்தரவாதம் இருந்ததால்தான் குறைந்த முன்பணம், நீண்ட தவணை, குறைந்த வட்டி என்று சாதாரணத் தொழிலாளிகூட வீடு வாங்க முடிந்தது. கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இது யாரோ ஒரு அதிகாரியின் வன்மம் இல்லை, நிர்வாகத்தின் கையேட்டிலேயே இருந்த கொள்கை. அதே பத்தாண்டில் இன்னொரு அரசு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு நான்கு நிறத்தில் வரைபடம் போட்டது. பச்சை சிறந்த பகுதி, சிவப்பு ஆபத்தான பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. நீக்ரோக்கள் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம், புதிதாக யார் உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு அச்சடித்த கட்டங்கள் அதில் இருக்கும். ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இந்த வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் நகரத்தைத் தேடிப் பாருங்கள். தட்டச்சு செய்த அந்தப் படிவங்களையே படிக்கலாம்.

டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்குத் தெற்கே, பிர்வுட் தெருவை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் இருக்கிறது. அரை மைல் நீளம், ஆறடி உயரம், ஓரடி கனம். 1941இல் ஒரு கட்டட நிறுவனம் வெள்ளையர்களுக்காக அங்கே வீடுகள் கட்ட நினைத்தது. பக்கத்திலேயே கறுப்பர் குடியிருப்பு இருக்கிறதே என்று உத்தரவாதம் மறுக்கப்பட்டது. நடுவில் சுவரை எழுப்பினார்கள், உத்தரவாதம் வந்துவிட்டது. சுவர் இன்றும் நிற்கிறது. விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் அங்குள்ள மக்கள் சேர்ந்து படங்கள் வரைந்திருக்கிறார்கள்: சோப்புக் குமிழி ஊதும் பிள்ளைகள், பேருந்தில் ஏறும் ரோசா பார்க்ஸ். மற்றபடி இரு பக்கமும் சாதாரண வீடுகள்தான், பின்கட்டில் சுவர். நேரில் போய் நின்று பாருங்கள். கையால் தொட முடிகிற வரலாறு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

வீடு என்பது இந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தொழில் தொடங்க முதல், வயதான காலத்துப் பாதுகாப்பு எல்லாம் அதிலிருந்துதான். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944இல் கடன் உதவிச் சட்டம் வந்தது. 1947இல் மிசிசிப்பியில் அந்தத் திட்டத்தில் 3,229 கடன்களுக்கு உத்தரவாதம் தரப்பட்டது. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இப்படி விட்டுப்போன வாய்ப்பு பேரன் பேத்தி வரைக்கும் வந்து நிற்கும். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுக்குச் சுமார் 44,900. உழைப்பில் ஆறு மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்று மனசாட்சியுள்ள யாராவது சொல்வார்களா?

அப்புறம் நாம் ராப்பகலாகப் பேசுகிற 'நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'. டெட்ராய்ட் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க, சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1974இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. மாவட்ட எல்லைக் கோடு அப்படியே நின்றது. ஒரே பெருநகரத்தை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறீர்கள், பின்னால் வருந்துவீர்கள் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். நாம் பள்ளிகளின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து வீடு வாங்குவது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

இந்தப் பக்கத்துக்கு வர நமக்கே எப்படி வழி கிடைத்தது? க்ராஸ் பாயிண்ட் புறநகரில் 1960 வரை, வீடு வாங்க வருபவர்களைத் தனியார் துப்பறிவாளரை வைத்து விசாரித்து மதிப்பெண் போட்டார்கள். தோல் நிறம் என்ன, உச்சரிப்பு எப்படி, நண்பர்கள் யார் என்றெல்லாம் கேள்விகள். போலந்துக்காரர், இத்தாலியர், யூதர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்ச்சி மதிப்பெண். கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் மதிப்பெண்ணே கிடையாது, கதவு அடைப்புதான். 1923இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்றது. 1946க்குப் பிறகும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் இடம். கதவைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிவாங்கி, சிறை சென்று, உயிரைக் கொடுத்து வென்ற குடிமை உரிமைகள் சட்டம் 1964இல் வந்தது. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில். அந்த அலையிலேயே அக்டோபரில் குடியேற்றச் சட்டமும் கையெழுத்தானது. வீட்டு விற்பனையில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரல் 11இல் கையெழுத்தானது, கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஒரு வாரத்தில்.

புதிய குடியேற்றச் சட்டம் படித்தவர்களுக்கும் தொழில்திறன் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. அந்த இரண்டு பெட்டிக்குள் ஊரில் அரசுச் செலவில் படித்த பட்டம் இருந்தது. அப்படித் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்ட நம்மையும், கடன் மறுத்து, சுவர் வைத்து, பள்ளியைப் பிரித்து ஒதுக்கப்பட்ட மக்களையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது அநியாயம். அடுத்த விருந்தில் அந்தக் கேள்வி வந்தால் சிரித்து மழுப்பாமல் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள்.

டெட்ராய்ட்டில் சார்ல்ஸ் ரைட் அருங்காட்சியகம் இருக்கிறது. 1965இல் ஒரு மகப்பேறு மருத்துவர் தொடங்கியது. அதையும் கார்லண்ட் தெரு வீட்டையும் பிர்வுட் சுவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். குடும்பத்தோடு வர விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை சேர்ந்தே போவோம்.