அட்டையில் ஸ்விஃப்ட் என்று இருந்தால் மட்டும் போதாது

“ஸ்விஃப்ட் காரின் பழுதுபார்ப்பு மேனுவல் (கையேடு) எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஒன்றுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள், இது தவறு நண்பரே. 2005-இல் இந்தியாவில் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டில் இருந்தது மாருதி எஸ்டீம் காரில் ஓடிய ஜி13பிபி இன்ஜின், அதற்கு டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் ரப்பர் பட்டை, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்). அதே காலத்தில் பிரிட்டனில் விற்ற 1.3 ஸ்விஃப்டில் எம்13ஏ இன்ஜின், அதற்கு அதே வேலையைச் செய்யும் உலோகச் சங்கிலி, அதாவது டைமிங் செயின். அந்த ஊர் மேனுவலை நம்பி “செயின்தானே, மாற்ற வேண்டியதில்லை” என்று விட்டால், ஒருநாள் பெல்ட் அறுந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். 2010-இல் இங்கே கே12எம் இன்ஜின் வந்தபோதுதான் நமக்கும் செயின். அப்புறம், போல்ட்டுகளுக்கான டார்க் அளவும் (எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்பது) இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அளவு மீறி இறுக்கி, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய செலவு. ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணின் முதல் எழுத்துகளைப் பாருங்கள், அதே குறியீடு போட்ட மேனுவலை மட்டும் வாங்குங்கள்.